ஒரே தொகுதித் தனிமங்கள் ஏன் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன: படிவம் நான்கில் வேதியியல் எடுப்போர்க்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு புகுமுக வகுப்பு, அதன்பின் கலைப்பிரிவில் எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு) என்று படித்து வந்தவள் என்பதால், வேதியியல் நூலை என் மகள் படிவம் நான்குக்குப் போகும் வரை நான் திறந்து பார்த்ததில்லை. நான்காம் அத்தியாயமான தனிம அட்டவணையில் தாயும் மகளும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டோம். மாதம் 80 ரிங்கிட் வீதம் நான்கு மாதம் பணம் கட்டிய ஒரு டியூஷன் வகுப்பில், லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் இயல்புகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இவை மூன்றும் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்று அவள் கேட்டதற்கு, ஒரே தொகுதியில், அதாவது அட்டவணையின் ஒரே நெடுவரிசையில், இருப்பதால் என்று பதில் வந்தது. கேள்வியையே திருப்பிப் போட்டுப் பதிலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கச் சில வாரங்கள் பிடித்தன.

அந்த 320 ரிங்கிட்டும் நான்கு மாதமும் போன பிறகு, நாங்களே உட்கார்ந்து படித்து விளங்கிக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாய் மொழியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளையும், அவர்களோடு மாலையில் உட்காரும் பெற்றோரையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். மொத்தம் மூன்று வாரம், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் போதும்.

1. முதலில் சேர்க்க வேண்டிய தாள்களும் அவற்றின் செலவும்

முதலாவது, பள்ளி கொடுக்கும் பாடநூல். பாடநூல் இரவல் திட்டத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஓரங்களில் பேனாவால் எழுதிவிட்டுப் பிறகு வருந்தாமல், குறிப்புக்கென்று தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 118 தனிமங்களும் உள்ள முழு அட்டவணை. பன்னாட்டு வேதியியல் ஒன்றியமான ஐயூபேக் தன் இணையத்தளத்தில் அதை இலவசமாக வைத்திருக்கிறது. ஏ3 தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு வாங்க எனக்குக் கடைத்தெருவில் 5 ரிங்கிட் ஆயிற்று. கடைகளில் விற்கும் பழைய சுவர்ப்படங்களை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் சில, தொகுதிகளை ரோமன் எண்ணிலும் ஏ, பி என்ற பிரிவிலும் குறிக்கின்றன. பாடநூலோ 1 முதல் 18 வரை எண்ணிடுகிறது. இரண்டையும் கலந்து பார்த்ததால், ஏழாம் தொகுதி என்று ஓரிடத்தில் கண்டது இன்னோரிடத்தில் பதினேழாம் தொகுதியாக இருப்பதை அறியாமல் நாங்கள் ஒரு வாரம் வீணாக்கினோம்.

மூன்றாவது, கல்வி அமைச்சின் கலைத்திட்ட, மதிப்பீட்டு ஆவணம். ஆசிரியர்கள் டி.எஸ்.கே.பி. என்று சொல்வது இதைத்தான். எந்த அளவுக்குப் படிக்க வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதில் இருக்கிறது. அந்த அத்தியாயத்திற்குரிய பக்கங்களை மட்டும் கைப்பேசியில் சேமித்துக்கொண்டால் போதும், அச்சிட வேண்டியதில்லை.

நான்காவது, பழைய வினாக்களின் தொகுப்பு ஒன்று. எஸ்.பி.எம். வேதியியலின் பாடக்குறியீடு 4541 என்பதைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு 15 ரிங்கிட் 90 சென் ஆனது. இதோடு நோட்டுக்கு 2 ரிங்கிட் 50 சென், பின்னால் சொல்லப்போகும் சோதனைக்கான எப்சம் உப்புக்கு 6 ரிங்கிட், குளியல் சவர்க்காரத்திற்கு 2 ரிங்கிட் 20 சென், வெற்றிலைச் சுண்ணாம்புக்கு 1 ரிங்கிட். ஆக மொத்தம் 32 ரிங்கிட் 60 சென்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் படித்தால் தெளிவு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் பதினோராம் வகுப்பு நூலை எடுக்காதீர்கள். அது எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகளுக்குள் இறங்கிவிடுகிறது, நம் பிள்ளைகளுக்குப் படிவம் நான்கில் அது தேவைப்படாது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலே ஏற்றது.

2. மூன்று மொழிச் சொற்களை ஒரே தாளில் எழுதுங்கள்

எஸ்.பி.எம். அறிவியல் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுகின்றன. சிந்திப்பது தமிழில் இருக்கலாம், விடை அந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். ஆகவே ஒரு தாளில் மூன்று நெடுங்கோடு போட்டு, தனிமம் என்பதற்கு எதிரே உன்சூர், எலிமெண்ட் என்றும், தொகுதி என்பதற்கு எதிரே கும்புலான், குரூப் என்றும், வரிசை என்பதற்கு எதிரே காலா, பீரியட் என்றும், இணைதிற எலக்ட்ரான் (அணுவின் கடைசிக் கூட்டில் இருப்பது) என்பதற்கு எதிரே எலெக்த்ரோன் வேலன்ஸ், வேலன்ஸ் எலெக்ட்ரான் என்றும், வினைத்திறன் என்பதற்கு எதிரே கெரெயாக்திஃபான், ரியாக்டிவிட்டி என்றும் எழுதுங்கள். இருபது சொற்களுக்கு மேல் தேவைப்படாது. ஒரு மாலை போதும்.

காலா என்ற மலாய்ச் சொல்லும் நம் காலம் என்ற சொல்லும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. காலம் ஓடுவதுபோல் காலா இடமிருந்து வலமாக ஓடுகிறது, கும்புலான் மேலிருந்து கீழாக நிற்கிறது என்று சொல்லிக் கொடுத்த பிறகு, என் மகள் இவ்விரண்டையும் ஒருபோதும் மாற்றி எழுதவில்லை.

3. முதல் இருபது தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கையால் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல நினைக்காதீர்கள். அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் நிற்கும் அடுக்குகளுக்குக் கூடுகள் என்று பெயர். முதல் கூட்டில் இரண்டு, இரண்டாம் கூட்டில் எட்டு, மூன்றாம் கூட்டில் எட்டு, மிஞ்சுவது நான்காம் கூட்டில் என்ற கணக்குப்படி, ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை இருபதையும் எழுத வேண்டும். இது இருபதாம் தனிமம் வரைக்கும் மட்டுமே பொருந்தும் கணக்கு. அதற்கு அப்பால் மூன்றாம் கூடு பதினெட்டு வரை நிரம்புகிறது.

எழுதி முடித்ததும், ஒரே நெடுவரிசையில் நிற்பவற்றை மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். லித்தியம் 2.1, சோடியம் 2.8.1, பொட்டாசியம் 2.8.8.1. பெரிலியம் 2.2, மக்னீசியம் 2.8.2, கால்சியம் 2.8.8.2. ஃபுளோரின் 2.7, குளோரின் 2.8.7. கடைசி எண் ஒவ்வொரு தொகுதியிலும் மாறாமல் நிற்பதைப் பிள்ளை தானாகக் காண வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது இன்னொரு மனப்பாட வரியாகிவிடும்.

1, 2 ஆகிய தொகுதிகளில் தொகுதி எண்ணே கடைசி எண். 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளில் தொகுதி எண்ணிலிருந்து 10 கழிக்க வேண்டும். 17ஆம் தொகுதியில் கடைசிக் கூட்டில் 17 எலக்ட்ரான்கள் என்று எழுதி மதிப்பெண் இழப்போர் உண்டு.

இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள்.

4. கடைசி எண் ஒன்றாக இருந்தால் நடத்தை ஏன் ஒன்றாக வேண்டும்?

நாங்கள் அதிக நேரம் செலவிட்டதும், டியூஷன் வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோனதும் இந்த இடம்தான். மூன்று மாலைகளை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அணுவின் நடுவில் நேர்மின்னேற்றமுள்ள அணுக்கரு இருக்கிறது. சோடியத்தில் 11 புரோட்டான்கள். வெளிக்கூட்டில் நிற்கும் ஒற்றை எலக்ட்ரானை அந்தப் பதினொன்றும் இழுக்கின்றன. ஆனால் இடையில் உள்கூடுகளில் 10 எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அவை எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் வெளி எலக்ட்ரானைத் தள்ளி, கருவின் இழுப்பைப் பெருமளவு மறைத்துவிடுகின்றன. பொட்டாசியத்தில் 19 புரோட்டான்கள், உள்ளே 18 எலக்ட்ரான்கள். லித்தியத்தில் 3 புரோட்டான்கள், உள்ளே 2.

நான் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டு எழுதுகிறவள். மொத்தச் சம்பளம் ஒருவருக்கும் மற்றவருக்கும் வேறுபடும், பிடித்தமும் வேறுபடும். வீட்டுச் செலவை நடத்துவது, பிடித்தம் போகக் கைக்கு வருவதுதான். இதே கணக்கை அணுவுக்கும் போட்டுப் பாருங்கள். லித்தியத்தில் 3லிருந்து 2 போனால் 1. சோடியத்தில் 11லிருந்து 10 போனால் 1. பொட்டாசியத்தில் 19லிருந்து 18 போனால் 1. ஃபுளோரினில் 9லிருந்து 2 போனால் 7. குளோரினில் 17லிருந்து 10 போனால் 7. புரோமின் 35ஆம் தனிமம், அதன் அமைப்பு 2.8.18.7. உள்ளே இருக்கும் 28ஐக் கழித்தால் அங்கும் 7. வேறோர் அணு வெளியிலிருந்து நெருங்கி வரும்போது அது எதிர்கொள்வது இந்த நிகரத்தைத்தான். உள்ளே 11 இருக்கிறதா 19 இருக்கிறதா என்பது அதற்கு ஏறத்தாழத் தெரிவதில்லை. ஏறத்தாழ என்ற சொல்லைக் கவனமாகச் சேர்க்கிறேன், ஏனெனில் உள் எலக்ட்ரான்களின் மறைப்பு முழுமையானதன்று. ஆயினும் தொகுதி ஒற்றுமையைப் புரிந்துகொள்ள இந்தக் கழித்தல் போதுமானது.

இது வெறும் சொல்லாகத் தோன்றினால் அளந்து கண்ட எண்களைப் பாருங்கள். வாயு நிலையிலுள்ள ஒரு மோல் அணுக்களிடமிருந்து ஒவ்வோர் எலக்ட்ரானாகப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலுக்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். சோடியத்தின் முதல் எலக்ட்ரானை எடுக்க 496 கிலோ ஜூல் செலவாகிறது, இரண்டாவதை எடுக்க 4562 கிலோ ஜூல், அதாவது ஒன்பது மடங்குக்கு மேல். பொட்டாசியத்திற்கு முதலாவது 419, இரண்டாவது 3052. லித்தியத்திற்கு முதலாவது 520, இரண்டாவது 7298. மூன்று தனிமங்களிலும் முதல் எலக்ட்ரானுக்கும் இரண்டாம் எலக்ட்ரானுக்கும் இடையில் செங்குத்தான மதில் நிற்கிறது. இப்போது இரண்டாம் தொகுதிக்கு வாருங்கள். மக்னீசியத்திற்கு 738, 1451, பிறகு 7733. கால்சியத்திற்கு 590, 1145, பிறகு 4912. இங்கே மதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருக்கிறது.

இந்த எண்களை மகளின் நோட்டில் எழுதி, தாவல் எங்கே வருகிறதோ அங்கே சிவப்புக் கோடு போடச் சொன்னேன். மூன்று கோடுகள் முதல் எண்ணை அடுத்தும் இரண்டு கோடுகள் இரண்டாம் எண்ணை அடுத்தும் விழுந்ததைப் பார்த்து, அப்படியென்றால் சோடியம் ஒன்றைத்தான் கொடுக்கும், இரண்டு கொடுக்க அதற்குக் கட்டுப்படியாகாது என்று அவளே சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்திற்குத்தான் நான்கு மாதம் காத்திருந்தோம்.

ஒரு பொறி இங்கே உண்டு. அணு எட்டு எலக்ட்ரானை விரும்புகிறது, ஆசைப்படுகிறது என்ற பேச்சுவழக்கைப் பல குறிப்பு நூல்கள் பயன்படுத்துகின்றன. அணுவுக்கு விருப்பம் கிடையாது. எலக்ட்ரானைப் பிரிக்க ஆகும் செலவையும், பிணைப்பு உண்டாகும்போது திரும்பக் கிடைக்கும் ஆற்றலையும் ஒப்பிட்டுப் பார்த்தால், மதிலுக்கு இந்தப் பக்கம் உள்ளவற்றை இழப்பது மட்டுமே கட்டுப்படியாகிறது. பிள்ளை அப்படி நினைக்கப் பழகினால் ஐந்தாம் அத்தியாயமான வேதிப்பிணைப்பு பாதி படித்ததுபோல் ஆகிவிடும்.

5. சேர்மங்களின் விகிதத்தை மனப்பாடம் செய்யாமல் வருவியுங்கள்

ஒரு மாலையில் முடியும். முதல் தொகுதி ஒன்றைக் கொடுக்கும், பதினேழாம் தொகுதி ஒன்றை வாங்கும். ஆகவே லித்தியம், சோடியம், பொட்டாசியம் எதுவாயினும் குளோரினோடு ஒன்றுக்கு ஒன்று சேரும். புரோமினோடும் அயோடினோடும் அப்படியே. இரண்டாம் தொகுதி இரண்டைக் கொடுப்பதால் ஒரு மக்னீசியத்திற்கு இரண்டு குளோரின், ஒரு கால்சியத்திற்கும் இரண்டு குளோரின். பதினாறாம் தொகுதியிலுள்ள ஆக்சிஜன் இரண்டை வாங்குவதால், இரண்டு சோடியத்திற்கு ஓர் ஆக்சிஜன், ஒரு மக்னீசியத்திற்கு ஓர் ஆக்சிஜன். தண்ணீரில் போட்டால் லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றி, சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் ஹைட்ராக்சைடைத் தருகின்றன. மூன்று சமன்பாடுகளிலும் தனிமத்தின் பெயரைத் தவிர வேறெதுவும் மாறுவதில்லை. ஒன்றை எழுதக் கற்றவர் மூன்றையும் எழுதக் கற்றவரே.

6. வீட்டில் செய்யத்தக்க ஒரு சோதனை

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தண்ணீரில் போடும் சோதனை பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரால் மட்டுமே செய்யப்பட வேண்டியது. வீட்டில் பார்க்க ஏற்றது சவர்க்காரச் சோதனை. இதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சவர்க்காரத்தின் உறையில் சோடியம் பால்மேட் என்று முதலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் தோட்டத்துச் செம்பனை எண்ணெயிலிருந்து வருவதுதான் அது. துணி துவைக்கும் கட்டியோ பாத்திரம் கழுவும் திரவமோ வேண்டாம், அவற்றில் வேறு பொருட்கள் சேர்ந்திருப்பதால் முடிவு குழம்பும். அரைத் தேக்கரண்டி சவர்க்காரத்தைச் சீவி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான மழைநீரில் கரைத்து, நான்கு தெளிந்த பிளாஸ்டிக் புட்டிகளில் சம அளவாக ஊற்றுங்கள். முதல் புட்டியில் இரண்டு சிட்டிகை தூள் உப்பு. அது சோடியம். இரண்டாவதில் இரண்டு சிட்டிகை எம்.ஓ.பி. உரம். அது பொட்டாசியம் குளோரைடு. சிறுதோட்டக்காரர் யாரிடமாவது ஒரு கைப்பிடி கேட்டால் கொடுப்பார்கள். சிவப்பாக இருப்பதால் முன்கூட்டியே சிறிது நீரில் கரைத்து, துணியில் வடிகட்டித் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். மூன்றாவதில் இரண்டு சிட்டிகை எப்சம் உப்பு. அது மக்னீசியம். நான்காவதில், வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்த மேல்நீர் அரைக் குவளை. அது கால்சியம். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும்.

மூடி போட்டு, ஒவ்வொன்றையும் இருபது முறை குலுக்குங்கள். முதல் இரண்டிலும் நுரை நிற்கும். அடுத்த இரண்டிலும் நுரை செத்து, வெண்ணிறத் திரிதிரியான படிவு மிதக்கும். அட்டவணையில் மேலும் கீழுமாக இருப்பவை சேர்ந்து நடக்கின்றன, பக்கத்தில் இருப்பவை பிரிந்து நடக்கின்றன என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கலாம். ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியமும் பொட்டாசியமும் ஒற்றை மின்னேற்றம் கொண்டவை, அவை சவர்க்கார மூலக்கூற்றை நீரில் கரைய விடுகின்றன. இரண்டை இழந்த மக்னீசியமும் கால்சியமும் இரட்டை மின்னேற்றத்தோடு இரண்டு சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்வதால் கரையாத படிவு உண்டாகிறது.

நாங்கள் முதன்முறை கல் உப்பைப் போட்டோம். முதல் புட்டியிலும் லேசாகப் படிவு வந்து, மகளின் நம்பிக்கையே ஆட்டம் கண்டது. கடல்நீரிலிருந்து எடுக்கும் கல் உப்பில் மக்னீசியம் சிறிதளவு ஒட்டியிருக்கும் என்பது பிறகுதான் விளங்கிற்று. சுத்திகரித்த தூள் உப்பையே பயன்படுத்துங்கள். அளவும் மிஞ்சக்கூடாது. உப்பை அள்ளிக் கொட்டினால் சவர்க்காரமே திரண்டு பிரிந்துவிடும், அதற்குக் காரணம் வேறு.

பதினேழாம் தொகுதிக்கும் இப்படியொரு சோதனை செய்யலாம் என்று எண்ணிக் குளோரின் வாயு உண்டாக்கும் காணொளிகளைப் பார்த்து முயலாதீர்கள். இதை மன்றாடியே சொல்கிறேன். நம் தோட்டத்து வீடுகளில் துணி வெளுக்கும் திரவமும், ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் ஒரே அலமாரியில் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவ்விரண்டும் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். இன்றே அவற்றைத் தனித்தனி இடத்தில் வையுங்கள்.

7. எதில் ஒற்றுமை, எதில் வேற்றுமை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே தொகுதியிலுள்ளவை ஒரே வகையான வினையில் ஈடுபடும், ஆனால் ஒரே வேகத்தில் ஈடுபடுவதில்லை. கழித்தலில் கிடைக்கும் நிகரம் ஒன்றாயினும், கீழே போகப் போகக் கூடுகள் கூடுவதால் வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து விலகிவிடுகிறது. லித்தியத்தில் 520, சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, ருபிடியத்தில் 403, சீசியத்தில் 376 என்று முதல் அயனியாக்கும் ஆற்றல் இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். கொடுப்பது எளிதாகிக்கொண்டே போகிறது. அதனால் லித்தியம் நீரின்மேல் மெதுவாக நகர்கிறது, சோடியம் உருகி உருண்டையாகி ஓடுகிறது, பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரிகிறது.

பதினேழாம் தொகுதியில் திசை தலைகீழ். அங்கே வாங்குவதுதான் வேலை, வெளிக்கூடு தொலைவில் இருந்தால் வாங்குவது கடினம். ஆகவே குளோரின், புரோமின், அயோடின் என்ற வரிசையில் வினைத்திறன் குறைகிறது.

நம் ஊரில் கண்முன் இருக்கும் சான்றுகளை விட்டுவிடாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் செம்பனை எண்ணெயோடு ஒரே வினையைச் செய்து சவர்க்காரத்தைத் தருகின்றன. ஆனால் முன்னது கெட்டியான கட்டியையும் பின்னது மிருதுவான சவர்க்காரத்தையும் தருகிறது. அதைவிட முக்கியமானது உரம். செம்பனைக்கு எம்.ஓ.பி. ஏன் மூட்டை மூட்டையாகப் போடுகிறோம், அதே தொகுதியிலுள்ள சோடியம் மலிவான சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே, அதைப் போட்டால் ஆகாதா என்று மகள் கேட்டாள். ஆகாது. சோடியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 102 பிக்கோமீட்டர், பொட்டாசியம் அயனிக்கு 138. வேரின் உயிரணுச் சவ்விலுள்ள நுழைவாயில்கள் இந்த வேறுபாட்டை அறிந்து பொட்டாசியத்தைத் தெரிந்தெடுக்கின்றன. அதே நேரத்தில் 152 பிக்கோமீட்டர் கொண்ட ருபிடியம் பொட்டாசியத்திற்கு அளவில் நெருக்கமானது என்பதால், அதைச் செடிகள் பொட்டாசியம் என்றெண்ணி உள்ளே விட்டுவிடுகின்றன. பொட்டாசியத்தின் போக்கைத் தொடர்ந்து பார்க்க ஆய்வாளர்கள் கதிரியக்க ருபிடியத்தைப் பயன்படுத்துவதும் இதனால்தான். கதிரியக்க ஸ்ட்ரான்சியம் 90 மனித எலும்பில் போய்த் தங்குவதற்கும் இதே காரணம். இரண்டாம் தொகுதியில் கால்சியத்திற்கு நேர் கீழே நிற்கும் ஸ்ட்ரான்சியத்தை உடம்பு கால்சியமாக நடத்துகிறது.

8. விதி தளரும் இடங்கள்

ஹைட்ரஜன் முதல் தொகுதிக்கு மேலே எழுதப்பட்டிருந்தாலும் உலோகமன்று. அதன் ஒற்றை எலக்ட்ரானுக்கு உள்ளே மறைக்க யாருமில்லை என்பதால் அதை நீக்க 1312 கிலோ ஜூல் வேண்டும். ஹீலியத்திற்கு வெளிக்கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள், ஆனால் முதல் கூடு இரண்டோடு நிரம்பிவிடுவதால் அதன் இடம் பதினெட்டாம் தொகுதி. இவ்விரண்டைப் பற்றியும் அடிக்கடி வினா வருகிறது.

பதினான்காம் தொகுதியில் கார்பன் அலோகம், சிலிக்கான் உலோகப்போலி, ஈயம் உலோகம். மூன்றிலும் கடைசிக் கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். கார்பன் டைஆக்சைடு நாம் மூச்சில் விடும் வாயு, சிலிக்கான் டைஆக்சைடு ஆற்று மணல். விகிதம் ஒன்றேயாயினும் உருவம் முற்றிலும் வேறு. தொகுதி ஒற்றுமை அட்டவணையின் இரு ஓரங்களில் வலுவாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். 3 முதல் 12 வரையுள்ள தொகுதிகளுக்கு நம் எளிய கழித்தல் கணக்குப் பொருந்தாது, அவற்றை மாறுதல் தனிமங்கள் என்ற தலைப்பில் தனியாகப் படிக்க வேண்டும்.

9. விடை எழுதும் முறை

இதற்கு மூன்று மாலைகள் ஒதுக்கிப் பழைய வினாக்களை எழுதிப் பாருங்கள். பொட்டாசியம் ஏன் சோடியத்தைவிட வினைத்திறன் மிக்கது என்ற வினாவுக்கு நான்கு செய்திகள் வரிசையாக வர வேண்டும்: பொட்டாசிய அணு பெரியது, அதன் இணைதிற எலக்ட்ரான் கருவிலிருந்து அதிகத் தொலைவில் உள்ளது, ஆகவே அந்த எலக்ட்ரான்மீது கருவின் ஈர்ப்பு வலுக்குறைந்தது, ஆகவே அதை எளிதாக இழக்கிறது. ஏன் இரண்டும் ஒத்த வினையைச் செய்கின்றன என்று கேட்டால், இணைதிற எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்று என்பதே விடையின் மையம். முதல் வினாவுக்கு இரண்டாவதன் விடையை எழுதிவிட்டு வருவது என் மகள் இரண்டு சோதனைகளில் செய்த பிழை.

பொட்டாசியம் அதிக எலக்ட்ரான்களை இழக்கிறது என்று ஒருபோதும் எழுதக்கூடாது. இரண்டும் ஒன்றையே இழக்கின்றன, இழப்பதன் எளிமைதான் வேறு. உருகுநிலை பற்றிய வினாவுக்கு வினைத்திறன் காரணத்தை எழுதுவது மற்றொரு பொறி. லித்தியம் 180, சோடியம் 98, பொட்டாசியம் 63 பாகை செல்சியஸ் அளவில் உருகுவதற்குக் காரணம், அணு பெரிதாகும்போது உலோகப் பிணைப்பு தளர்வதாகும். பதினேழாம் தொகுதியிலோ குளோரினின் கொதிநிலை மைனஸ் 34, புரோமினுக்கு 59, அயோடினுக்கு 184 என்று ஏறுகிறது. அங்கே மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு வலுக்கிறது. மூலக்கூற்றுக்குள் இருக்கும் பிணைப்பை அந்த விடையில் இழுக்கக்கூடாது.

சோதனைக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் திறக்க வேண்டாம். ஒரு வெறுந்தாளில் இருபது தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பை எழுதி, சோடியத்திற்கும் மக்னீசியத்திற்கும் சிவப்புக் கோடு எங்கே விழும் என்று குறித்துவிட்டு, மூன்று மொழிச் சொல்தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும். என் மகளுக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அதற்குப் பிறகு விளக்கை அணைத்துவிடச் சொல்கிறேன்.